உப்பில்லாத புதன்கிழமை

"அக்காவும் தங்கச்சியும் பேசிக்கொள்வார்களா, மாட்டார்களா? அதை மட்டும் சொல்லிவிட்டு அப்புறம் கதையை எப்படி வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். கோபம் நியாயம்தான். கூடப் பிறந்தவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதற்கு ஏழு மாதம் என்பது கொஞ்சம் அதிகப்படி.

நடந்தது இதுதான். சின்னவள் ராணுவ முகாமில் சமையல் பிரிவு. பதினெட்டு வயதில் சேர்ந்தாள், இப்போது இருபத்தேழு. ஒப்பந்தம் முடிந்து வந்துவிடுவாள் என்று பெரியவள் வீட்டில் ஓர் அறைக்கு வெள்ளையடித்து, திரைச்சீலை தைத்து மாட்டியிருந்தாள். சின்னவளோ இன்னும் ஐந்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்பாவிடம் மட்டும் சொன்னாள்; அக்காவிடம் வாயையே திறக்கவில்லை. விஷயத்தை உளறியவர் அப்பா. அவரால் இருபத்தெட்டு வருஷம் விபத்தில்லாமல் பேருந்து ஓட்ட முடிந்தது. ஒரு ரகசியத்தை ரெண்டு நாள் ஓட்ட முடியவில்லை.

"நீ முதல் தடவை போன அன்னிக்கு நான் அழவா செஞ்சேன்? நூத்தி எண்பது பேருக்குச் சமைச்சுப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்கினேன். இப்பவும் அப்படியே தூங்குவேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள், கேன்டீன் நடத்தும் பெரியவள். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

இன்னொரு சங்கதி. முகாமில் இருந்தபடியே அஞ்சல் வழியில் புள்ளியியல் பட்டத்துக்குப் படிக்கிறாள் சின்னவள். மூன்று வருஷப் படிப்பு. ஆறு வருஷம் வரை அனுமதி உண்டு. பயிற்சி, இடமாற்றம், வெள்ள நிவாரணம் என்று தள்ளிப் போய்த் தள்ளிப் போய், இது ஆறாவது வருஷம். தேர்வுகள் எல்லாம் தேறியாயிற்று. பாக்கி ஓர் ஆய்வறிக்கை. இன்று மாலை நான்கு மணிக்குள் அதை அனுப்பிவிட்டு, நான்கு மணிக்குப் பேராசிரியருடன் வீடியோவில் நேர்காணல். தவறினால் ஆறு வருஷமும் அம்பேல்.

ராணுவத்தில் இருப்பவர்கள் எதை எழுதி வெளியே அனுப்பினாலும் பாதுகாப்பு அதிகாரியின் பார்வை பட்டாக வேண்டும். சின்னவள் விதியை மதிப்பவள். மூன்று வாரத்துக்கு முன்பே அறிக்கையைக் கொடுத்துவிட்டாள். அது மேஜை மேஜையாகச் சுற்றிவிட்டு, இன்று காலை பத்து மணிக்குத்தான் கரை சேர்ந்தது.

பாதுகாப்பு அதிகாரி ஒரு கேப்டன். நல்ல மனிதர். முகாமில் அவருக்கு 'கறுப்புப் பேனா' என்று பெயர்.

"உட்காருங்க. ரொம்ப நல்ல அறிக்கை. ரெண்டு தடவை படிச்சேன்" என்றார்.

"தேங்க்ஸ் சார்."

"அங்கங்கே கொஞ்சம் கை வச்சிருக்கேன். பெருசா ஒண்ணும் இல்ல."

சின்னவள் முதல் பக்கத்தைத் திறந்தாள். தலைப்பு பத்திரமாக இருந்தது: 'பெரிய சமையற்கூடத்தில் மிஞ்சும் உணவும், மறுநாள் தேவையை மதிப்பிடும் முறையும்.' அடுத்த வரியில், 'எங்கள் கூடத்தில் நாளொன்றுக்கு' என்பதற்குப் பிறகு ஒரு கறுப்புக் கட்டை. 'பேர் சாப்பிடுகிறார்கள். இதில் சராசரியாக' என்பதற்குப் பிறகு இன்னொன்று. அட்டவணைகளில் கோடு போட்ட கட்டங்கள் இருந்தன, உள்ளே எல்லாம் கறுப்பு. வரைபடத்தில் ஒரு வளைகோடு மட்டும், எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு ஏறுகிறோம் என்றே தெரியாமல் ஏறிக்கொண்டிருந்தது.

"சார், எண்ணெல்லாம் போச்சே!"

"எத்தனை ரொட்டி சுடுறோம்னு வெளியே தெரிஞ்சா, எத்தனை ஆள் இருக்கோம்னு தெரிஞ்சிடுமே. இது பாலபாடம்மா."

"இது புள்ளியியல் அறிக்கை சார். எண்ணை எடுத்துட்டா இதுல என்ன இருக்கு?"

கேப்டன் யோசித்தார். "முன்னுரை நல்லா இருக்கு" என்றார்.

சின்னவள் பக்கங்களைப் புரட்டினாள். அடியில் பக்க எண்களும் இல்லை.

"பக்க எண்ணுமா சார்?"

"அது... ஓர் ஓட்டத்துல போயிடுச்சு" என்று கேப்டன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வேறு ஒருத்தியாக இருந்தால் அந்த இடத்திலேயே ஓவென்று அழுதிருப்பாள். சின்னவளுக்கு அடுப்பில் மதியச் சமையல் காத்திருந்தது. எத்தனை பேருக்கு என்று நான் சொன்னால் கேப்டன் இந்த இதழையும் கறுப்பாக்கிவிடுவார். எழுந்து போனாள். உருளைக்கிழங்கு உரிக்கும்போதுதான் அவளுக்கு அக்காவின் கேன்டீனில் தொங்கும் நாள்காட்டி ஞாபகம் வந்தது. கத்தியும் கையுமாகத் திரும்பி ஓடி வந்தாள்.

"சார், வேற ஒரு கேன்டீன்ல மிஞ்சின கணக்குன்னா? பஸ் டிரைவருங்க சாப்பிடற இடம்."

"டிரைவருங்க எவ்வளவு சாப்பிட்டா எனக்கென்ன? தாராளமா அனுப்புங்க" என்றார் கேப்டன். "அந்தக் கத்தியை மட்டும் கீழே வைங்க."

*

பேருந்துப் பணிமனையின் பின்பக்கம், டயர் கழற்றும் கொட்டகைக்கும் டீசல் பம்புக்கும் நடுவில் இருக்கிறது அந்தக் கேன்டீன். அம்மா நடத்தியது. அம்மா படுக்கையில் விழுந்தபோது பெரியவள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். புத்தகத்தை மூடிவிட்டுக் கரண்டியை எடுத்தவள்தான், பதின்மூன்று வருஷம் ஆயிற்று.

அவளுக்கு ஒரு பழக்கம். கேன்டீன் சுவரில் மாதத்துக்கு ஒரு தாளாக நாள்காட்டி தொங்கும். தினமும் சாயங்காலம் அந்தந்தத் தேதிக் கட்டத்தில் மையால் இரண்டு எண் எழுதுவாள்: எத்தனை தட்டு சமைத்தது, எத்தனை மிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறையும் என்றால் பெரிய பெருக்கல் குறி. பள்ளி விடுமுறையில் அங்கே தட்டுக் கழுவிய சின்னவளுக்கு இது நன்றாகத் தெரியும். அவளுடைய ஆய்வுக்கே விதை அந்தச் சுவர்தான். அக்காவிடம் அதைச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

போன் அப்பாவுக்கு வந்தது. ஓய்வு பெற்ற பிறகு அவர் கேன்டீனில் வெங்காயம் நறுக்குகிறார், அதாவது நறுக்குவதாகச் சொல்லிக்கொள்கிறார். கேட்டுவிட்டு, கண்ணில் நீரோடு பெரியவளிடம் வந்தார்.

"வெங்காயமாப்பா?"

"சின்னவ."

பெரியவளின் கரண்டி நின்றது. "என்னாச்சு அவளுக்கு?"

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. அவ எழுதின எண்ணெல்லாம் போச்சு. நாலு மணிக்குள்ள ஒரு முழு வருஷக் கணக்கு வேணுமாம். இல்லேன்னா படிப்பு அவ்வளவுதானாம்."

"எனக்கும் அவ படிப்புக்கும் என்ன?" என்றாள் பெரியவள். சொல்லிக்கொண்டே அடுப்பைச் சிம்மில் வைத்ததை அப்பா கவனித்தார்.

சிக்கல் என்னவென்றால், நாள்காட்டித் தாள் நல்ல கெட்டித்தாள். மாதம் முடிந்ததும் கிழித்து அலமாரித் தட்டில் விரித்துவிடுவாள் பெரியவள். அப்பா டப்பாக்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். போன வருஷத்து ஜனவரி எண்ணெய் டின்னுக்கு அடியில் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. மே மாதத்தின்மேல் மிளகாய்த்தூள். ஜூன் எலிக்குப் போயிருந்தது. அதற்கு முந்தைய வருஷங்கள் இன்னும் மோசம்.

"ஒரு வருஷம்கூட முழுசா இல்லியேம்மா!"

பெரியவள் சூப்பைக் கிளறினாள். கிளற வேண்டிய அவசியமே இல்லை. அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு, முக்காலி போட்டு ஏறி, மேல்தட்டில் மாவு மூட்டைக்குப் பின்னால் கைவிட்டு ஒரு சுருளை எடுத்தாள். பன்னிரண்டு தாளும் சேர்த்து நூல் கட்டிய சுருள்.

"இது எந்த வருஷம்?"

"ஒன்பது வருஷத்துக்கு முந்தினது."

"இதை மட்டும் ஏம்மா சுருட்டி வச்சிருக்கே?"

"தட்டு மீதி இல்ல" என்றாள். பச்சைப் பொய். அந்த அலமாரியில் இரண்டு தட்டுகள் வெறுமனே இருந்தன.

நூலை அவிழ்த்து மேஜையில் விரித்தாள். செப்டம்பர் தாளை மட்டும் எடுத்து, ஒரு நிமிஷம் பார்த்து, மற்றவற்றுக்கு அடியில் செருகினாள். பிறகு "போனைப் போடுங்க. நான் எண் மட்டும்தான் சொல்வேன். வேற பேச்சு கிடையாது" என்றாள்.

*

அப்படித்தான் ஏழு மாத மௌனம் கலைந்தது, மதியம் ஒன்றே முக்காலுக்கு.

"ஜனவரி. ஒண்ணு லீவு. ரெண்டு, நூத்தி அறுபது, இருபத்தி ஒண்ணு. மூணு ஞாயிறு, லீவு."

"ம்."

"நாலு, நூத்தி எழுபது, பன்னெண்டு."

"ம். அக்கா..."

"அஞ்சு, நூத்தி எழுபத்தி ரெண்டு, பதினாறு" என்று குரலை உயர்த்தினாள் பெரியவள்.

சின்னவள் கேப்டனுடைய கணினியில், கேப்டனுடைய நாற்காலியில் உட்கார்ந்து தட்டினாள். கேப்டன் நின்றுகொண்டிருந்தார். பிப்ரவரியில் அவரே போய்த் தேநீர் வாங்கி வந்தார். ஏப்ரலில், "பத்தொன்பதாம் தேதி மிச்சம் ஏழா, பதினேழா? கேட்டுக்குங்க" என்று திருத்தினார். ஜூலையில், "உங்க அக்கா மாதிரி ஒரு ஆள் எனக்கு ஆபீஸ்ல வேணும்" என்றார்.

அங்கே அப்பா ஆதாரத்துக்காக ஒவ்வொரு தாளையும் போட்டோ பிடித்து அனுப்பினார். எல்லாப் படத்திலும் ஓரத்தில் அவருடைய கட்டைவிரல் இருந்தது.

செப்டம்பர் வந்தது. பெரியவள் வேகமாகப் படித்தாள். "பன்னெண்டு, நூத்தி எழுபத்தொம்போது, ஒம்போது. பதிமூணு, நூத்தி எழுபத்தாறு, எட்டு. பதினாலு லீவு. பதினஞ்சு, நூத்தி எழுபத்தெட்டு, பதினொண்ணு..."

சின்னவள் 'விடுமுறை' என்று தட்டிவிட்டு அடுத்த தேதிக்குப் போனாள்.

மூன்று மணிக்கு டிசம்பர் முடிந்தது. சூத்திரங்கள் ஏற்கெனவே தயார். எண்களைக் கொடுத்ததும் அட்டவணை நிறைந்தது, வளைகோட்டுக்குக் காலூன்ற இடம் கிடைத்தது. கடைசியில் கேப்டன் அவளை எழுப்பிவிட்டு, ஒவ்வொரு பக்கமாகப் பக்க எண்ணைத் தன் கையாலேயே போட்டார். மூன்று ஐம்பத்திரண்டுக்கு அறிக்கை போய்ச் சேர்ந்தது.

*

பேராசிரியர் நரைத்த தலையும் தடித்த கண்ணாடியுமாகத் திரையில் வந்தார். சமையல் உடையோடு ஒரு மாணவி, பின்னால் விறைப்பாக நிற்கும் ஓர் அதிகாரி. இந்தக் காட்சியைப் பார்த்து, "யாரையாவது கைது பண்றீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். சார் கூட இருக்கணும், அது விதி."

"சரி, இருக்கட்டும்."

முதல் இருபது நிமிஷம் சின்னவள் பிளந்து கட்டினாள். ஏன் இந்த முறை, ஏன் வேறு முறை இல்லை, வெள்ளிக்கிழமைகளில் ஏன் மிச்சம் அதிகம் என்று கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில். பேராசிரியர் தலையாட்டிக்கொண்டே வந்தவர், ஓர் இடத்தில் நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்க அட்டவணையில செப்டம்பர் பதினாலு விடுமுறைன்னு இருக்கு. படத்துல பார்த்தா விடுமுறை நாளுக்கெல்லாம் பெருக்கல் குறி இருக்கு. பதினாலுல குறி இல்ல. மையில எழுதின எண்ணும் இல்ல. காலியா இருக்கு. அதுவும் புதன்கிழமை. கட்டைவிரலுக்குப் பக்கத்துலயே இருக்கு, பாருங்க."

சின்னவள் பார்த்தாள். காலிதான்.

"நீங்களா விடுமுறைன்னு போட்டுட்டீங்களா?"

"இல்ல மேடம். அப்படித்தான் சொன்னாங்க."

"ஒரு நாள்தானேன்னு நினைக்காதீங்க. தெரியாத ஒண்ணைத் தெரிஞ்ச மாதிரி எழுதினா அந்த அறிக்கையை என்னால ஏத்துக்க முடியாது. மத்த முந்நூறு நாளையும் நான் எப்படி நம்பறது?" குரலில் கடுமை இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "கணக்கு எழுதினவங்ககிட்ட இப்ப கேக்க முடியுமா?"

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். கேப்டன் ஏற்கெனவே மேஜைத் தொலைபேசியில் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கியில் அப்பாவின் "ஹலோ" கேட்டது. பேராசிரியர் விஷயத்தைச் சொன்னார். அந்தப் பக்கம் போன் கைமாறும் சத்தம்.

அந்த நேரத்தில்தான் சின்னவளுக்குத் தேதி உறைத்தது. செப்டம்பர் பதினாலு. தோளில் பையும் காலில் புது ஷூவுமாக அவள் ரயில் ஏறிய நாள்.

"அக்கா" என்றாள், மெதுவாக.

"லீவு இல்ல மேடம்" என்றது பெரியவளின் குரல். "அவ மேல தப்பில்ல. நான்தான் பொய் சொன்னேன். அன்னிக்குக் கேன்டீன் திறந்திருந்துச்சு. நூத்தி எண்பது தட்டு சமைச்சேன்."

"அப்புறம் ஏன் எழுதல?"

"எழுத முடியல மேடம். அன்னிக்குத்தான் என் தங்கச்சி பட்டாளத்துக்குப் போனா. காலையில ஸ்டேஷன்ல விட்டுட்டு வந்து அடுப்பு மூட்டினேன். சூப்புல உப்பு போடல. போடலேன்னுகூடத் தெரியல. டிரைவருங்க எல்லாரும் ரொட்டியை மட்டும் கையில எடுத்துட்டு, தட்டை அப்படியே வச்சுட்டுப் போயிட்டாங்க. ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல. சாயங்காலம் நான் வாயில வச்சப்புறம்தான் தெரிஞ்சுது."

பேராசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, "அப்ப எவ்வளவு மிஞ்சுச்சு?" என்று கேட்டார். ஆயிரம் இருந்தாலும் அவர் புள்ளியியல்காரர்.

"நூத்தி எண்பதும் மிஞ்சுச்சு மேடம்."

"இல்ல, இல்ல" என்று பின்னால் அப்பாவின் குரல் அவசரமாகப் புகுந்தது. "நூத்தி எழுபத்தெட்டு. ரெண்டு தட்டு நான் சாப்பிட்டேன்."

"உப்பில்லாமயாப்பா?" என்றாள் பெரியவள்.

"நீ பார்த்துக்கிட்டே நின்னியேம்மா. எப்படி மிச்சம் வைக்கிறது?"

சின்னவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்து, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் மூக்கை உறிஞ்சினாள். "அன்னிக்கு நிம்மதியாத் தூங்கினேன்னு சொன்னியேக்கா! நூத்தி எண்பது பேருக்குச் சமைச்சுப் போட்டேன்னு சொன்னியே!"

"சமைச்சேன்னுதானே சொன்னேன்? உப்பு போட்டேன்னு சொன்னேனா?"

கேப்டன் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்தத் தடவை கர்ச்சீப்போடு.

"சரி" என்றார் பேராசிரியர். "விடுமுறைங்கறதை எடுத்துட்டு உண்மையைப் போடுங்க. நூத்தி எண்பது, நூத்தி எழுபத்தெட்டு. ஞாபகத்துல இருந்து சொன்ன எண், சொன்னவங்க ரெண்டு பேர்னு அடியில ஒரு குறிப்பு. அதைப் போட்டு இப்பவே அனுப்புங்க. என் பக்கத்துல நீங்க பாஸ்."

ஆறு வருஷம் ஒரே வார்த்தையில் முடிந்துவிட்டது. "தேங்க்ஸ் மேடம்" என்று சொல்ல நினைத்தவள் பழக்கதோஷத்தில் எழுந்து நின்று சல்யூட் அடித்தாள். தலை திரைக்கு வெளியே போய், பேராசிரியருக்கு அவளுடைய ஏப்ரன் மட்டும்தான் தெரிந்தது. தொலைபேசியில் அப்பா யாரிடமோ "பாஸ்! பாஸ்!" என்று கத்துவது கேட்டது. அநேகமாக டீசல் பம்புக்காரரிடம்.

சின்னவள் உட்கார்ந்து எண்ணைத் திருத்தத் தொடங்கினாள். பேராசிரியர் போகவில்லை. படத்தை இன்னும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போனை வச்சிடாதீங்க. அக்காகிட்ட ஒண்ணு கேக்கணும். ஒவ்வொரு கட்டத்துலயும் மூலையில பென்சில்ல சின்னதா ஒரு எண் இருக்கே, அது என்ன? பதினாலாம் தேதியிலகூட அது மட்டும் இருக்கு."

"அது ஒண்ணும் இல்ல மேடம். நாளைக்கு எத்தனை பேர் சாப்பிடுவாங்கன்னு முந்தின நாளே எழுதி வைக்கிறது. அப்புறம் எவ்வளவு தப்பாச்சுன்னு பார்த்து, அடுத்த நாளுக்குச் சரி பண்ணிக்குவேன்."

"ஜனவரியில இருபது தட்டு தப்பாகுது. டிசம்பர்ல நாலுக்கு வந்துட்டீங்க. உங்க தங்கச்சி கம்ப்யூட்டர்ல போட்ட முறையில ஆறு வருது." பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "இதை யார் சொல்லிக் குடுத்தா?"

"ரெண்டாம் வருஷத்துல ஒரு பாடம் இருந்துச்சு மேடம். மூணாம் வருஷம் நான் போகல."

"எந்தக் காலேஜ்?"

"உங்களோடதுதான்."

சின்னவளின் விரல்கள் நின்றன. அக்கா என்ன படித்தாள் என்று இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தடவையாவது கேட்டிருந்தாளா? இல்லை. 'காலேஜை விட்டவள்' என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

"மூணாம் வருஷம் மட்டும்தானே பாக்கி? உங்க பழைய பதிவு எண் எங்கேயாவது இருக்குமா? தேடிப் பாருங்க. அவசரம் இல்ல" என்றார் பேராசிரியர்.

பெரியவள் எதையும் தேடவில்லை. ஒன்பது இலக்கத்தையும் ஒரே மூச்சில், தடுமாறாமல் சொன்னாள்.

பதின்மூன்று வருஷத்துக்கு முந்தைய எண். தட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை. சின்னவள் அதையும் தட்டினாள்.